ஷீராஸ் ரோஜாவின் வேரில் ஊற்றியது

அத்தியாயம் 7

சீ என்று போய்விட்டது எனக்கு. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, தின்ற இடியப்பம் இன்னும் செமிக்காத வயிற்றோடு, “வாவித்தூதன்” வாரப் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் நின்று ஊரின் அழுக்கை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அழுக்கு ஒரு கட்டாக மேசையில் கிடந்தது. குறுக்கெழுத்துப் போட்டிக்கு வாசகர்கள் நிரப்பி அனுப்பிய துண்டுகள். முதல் வாரம் ஒன்பது வந்தன. இரண்டாம் வாரம் இருபது. இந்த மூன்றாம் வாரம் நாற்பத்தொன்று. மட்டக்களப்புக்குத் திடீரென்று அறிவுப் பசி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அப்படி நினைத்தால் நீங்கள் நல்ல மனிதர், தயவுசெய்து இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.

போட்டியின் தலைப்பு “பாரசீகக் கவிஞனும் ரோஜாவும்”. தயாரித்து அனுப்புகிறவர் தன்னை “ஷீராஸ் ரோஜா” என்று சொல்லிக்கொள்கிறார். விலாசம் கிடையாது; எழுத்தும் ஆள் தெரியாதபடி அச்சுப்போலக் கீறியது. குறிப்புகளின் அழகைக் கேளுங்கள். ‘கவிஞன் நாலு மணிக்கு ரோஜாவுக்காகக் காத்து நின்ற மரம்.’ விடை, வாகை. ‘ரோஜாவின் முகத்தில் இரண்டு வட்டம்.’ மூக்குக்கண்ணாடி. ‘கவிஞன் கையிலிருந்து ரோஜாவின் கைக்கு மாறியது.’ குடை.

நகரத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலில் ஒரு வாகை மரம் நிற்கிறது. அதன் கீழேதான் நாலு மணி பஸ் வரும். அந்த பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் கணக்குப் படிப்பிக்கும் சரீப் மாஸ்டர். இந்த ஊரில் பாரசீகம் வாசிக்கத் தெரிந்த ஒரே மனிதர், பேரப்பிள்ளை கண்டவர். மற்றவர் ஆங்கிலம் படிப்பிக்கும் எடித் மிஸ். மூக்குக்கண்ணாடி போட்ட, கலியாணம் கட்டாத பறங்கிப் பெண்மணி. ஆனி மாத வெயிலில் ஒரு நாள் மாஸ்டர் தன் குடையை மிஸ்ஸிடம் கொடுத்தார். நடந்தது அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் பென்சிலை நக்கி நக்கி நிரப்பிக்கொண்டது.

இப்போது, சரீப் மாஸ்டரே இந்தப் போட்டியை எழுதித் தன் லீலையைப் பறைசாற்றுகிறார் என்று பேச்சு. பள்ளிக்கூட மனேஜர் சுவாமியின் முன்னால் இன்று நாலு மணிக்கு விசாரணை. மாஸ்டர்தான் எழுதினார் என்று தீர்ந்தால் இருபத்திரண்டு வருட வேலை இன்றோடு போகும்.

இந்த வழக்கை எங்களிடம் கொண்டுவந்தவர் அதே பள்ளிக்கூடத்துப் பிலிப்பு மாஸ்டர். மாதா கோவிலில் பாடற்குழு நடத்துகிறவர், பெரிய பக்திமான். “பள்ளிக்கூடத்தின்ர மானம் போகுது, ஆர் எழுதினது எண்டு நீங்க எழுத்தில தாங்க” என்று நேற்றுப் பின்னேரம் எங்கள் கந்தோரில் கண் கலங்கினார். எங்கள் கந்தோர்ப் பூனை அவருடைய காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. பக்தியைப் பூனையும் மதிக்கிறது என்று நான் பகிடி விட்டேன்.

என் பெயர் பேர்னாட். பகிடி விடுவதும் சைக்கிள் பாரில் குந்துவதும் என் உத்தியோகம். சைக்கிளை மிதிக்கிறவர் துப்பறியும் வினாயகமூர்த்தி. தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்து, விலாசம் சரியில்லாத கடிதங்களுக்கு ஆள் கண்டுபிடித்தவர். பென்சன் எடுத்த பிறகு ஆட்களுக்குக் குற்றம் கண்டுபிடிக்கிறார். நான் அவரை மூர்த்தியண்ணன் என்பேன்.

“எந்தக் கந்தோர் முத்திரை?” என்று கேட்டார் மூர்த்தியண்ணன்.

“மூண்டு தரமும் காத்தான்குடி,” என்றார் பத்திரிகை ஆசிரியர் ஜெயராஜா. “சரீப் மாஸ்டரின்ர ஊர்.”

“பஸ் ஏறினாக் கால் மணித்தியாலம்,” என்றேன் நான். “தபால் பெட்டி ஆள் பாத்தா வாய் திறக்குது?”

“விடை?”

ஜெயராஜா மேசை லாச்சியைத் திறந்து அரக்கு வைத்த உறையைக் காட்டினார். “போட்டியோட சேத்து வந்தது. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு ரெண்டு வாசகருக்கு முன்னால உடைக்கிறதுதான் எங்கட முறை. மாதாவாணை, நானே பாக்கல்ல.”

“அப்ப இத நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாங்க. சுவாமியும் ஒரு வாசகர்தானே. இந்தக் கட்டையும் கொண்டு வாங்க.”

“கொண்டு வாறன். ஆனா மூர்த்தியர், ஏழாம் குறிப்புத்தான் ஒருத்தருக்கும் பிடிபடல்ல. ஆளுக்கொண்டு எழுதியிரிக்காங்க.”

மூர்த்தியண்ணன் வாசித்தார். ‘ஷீராஸ் நகரத்து ரோஜா சிவந்து பூக்கக் கவிஞனின் தமக்கை அதன் வேரில் ஊற்றியது. எட்டுக் கட்டம்.’

“அன்புக்கண்ணீர்,” என்றேன். “ரெண்டாவது கட்டத்தில ன், கடைசியில ர். எட்டுக்கு எட்டு.”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “கட்டத்த நான் இன்னும் உனக்குக் காட்டல்லயே.”

“ஊரெல்லாம் இதே கதைதானே அண்ணன். காதில விழுந்தது.”

அவர் கட்டை அவிழ்த்துத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் வெளியே போய் வெற்றிலை துப்பினேன். திரும்பி வந்தபோது கட்டு மறுபடி கட்டப்பட்டிருந்தது.

*

காத்தான்குடியில் சரீப் மாஸ்டரின் வீட்டுக் கதவு பகலிலேயே சாத்திக் கிடந்தது. திறந்தவர் மாஸ்டர்தான். மூன்று வாரத்தில் சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. உள்ளே திரைக்குப் பின்னால் அவர் மனைவி சபூரா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“இந்தக் கடுதாசிய நான் தொடவே இல்ல,” என்றார் மாஸ்டர். “அருவருப்பா இரிந்திச்சி.”

“இண்டைக்குத் தொடத்தான் வேணும் மாஸ்டர். கணக்குச் சரி பாக்கிற மாதிரிப் பாருங்க. எங்க பிழை எண்டு சொல்லுங்க.”

மாஸ்டர் பத்திரிகையை வாங்கி வாசித்தார். முகம் சுருங்கிச் சுருங்கிப் போனது. பன்னிரண்டாம் குறிப்பில் விரல் நின்றது. ‘கவிஞன் மறைந்து முப்பத்தோராம் நாள் நண்பர்கள் தூவியது.’

“முப்பத்தொண்டா?” என்றார். “எங்கட ஆக்கள் மௌத்தானா நாப்பதாம் நாள்தான் பெரிய கத்தம் ஓதுறது. நான் எழுதினா முப்பத்தொண்டு எண்டு கை போகுமா?”

எனக்கு என் அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை நினைவுக்கு வந்தது. “எங்கட வேதக்காரர் கணக்கு இது,” என்றேன்.

“எங்களுக்கும் அதேதான்,” என்றார் மூர்த்தியண்ணன். “நெற்றியில திருநீறு பூசினவனும் எழுதியிரிக்கலாம். ஆனா தொப்பி போட்டவன் எழுதல்ல. ஏழாவதப் பாருங்க.”

மாஸ்டர் பார்த்தார். “ஷீராஸ் மலைக்கு நடுவில உள்ள ஊர். தோட்டத்துக்குத் தண்ணி வாய்க்கால்லதான் வரும். தமக்கை ஊத்தின கதை ஒண்டும் நான் படிச்சதில்ல. எனக்குத் தமக்கையும் இல்ல.” கொஞ்சம் யோசித்தார். “போன வருஷம் பள்ளிக்கூட இலக்கிய விழாவில பாரசீகக் கவிஞர்களப் பத்தி ஒரு மணித்தியாலம் பேசினன். கேட்டவன் ஒருத்தன்தான் எழுதியிரிக்கான். ஷீராஸ், ரோஜா, கவிஞன் எல்லாம் நான் சொன்னது. தெரியாத இடத்தத் தன்ர வீட்டால நிரப்பியிரிக்கான்.”

மூர்த்தியண்ணனின் கண் மின்னியது. “தன்ர வீட்டால. நல்ல சொல்லு மாஸ்டர்.”

“எடித் மிஸ் உங்களுக்காக ஒண்டும் பேசல்லயா?” என்று நான் கேட்டேன்.

“பேசினா அதுக்கும் கதை கட்டுவாங்க. வாய் திறக்காதீங்க எண்டு நான்தான் சொல்லி அனுப்பினன்.” கதவு வரை வந்தவர் நின்றார். “மூர்த்தியர், இந்த வேலை போனா நான் வேற என்னத்தச் செய்யிற? படிப்பிக்கிறதத் தவிர எனக்கு ஒரு மண்ணும் தெரியா.”

நான் செருப்பைத் தேடுகிற சாட்டில் குனிந்துகொண்டேன்.

*

“இந்த ஊரில ரோஜா வளக்கிற வீடு எத்தின?” என்று கேட்டார் மூர்த்தியண்ணன், சைக்கிளை மிதித்தபடி.

கேள்வி நல்ல கேள்வி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. ஆனி ஆடியில் கிணற்றுத் தண்ணீரெல்லாம் உவர்த்துவிடும். செவ்வரத்தை பூக்கும், நித்தியகல்யாணி பூக்கும், ரோஜா கருகிப்போகும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று விரல்தான் மடங்கியது.

முதல் வீடு கன்னியர் மடம். அங்கே ரோஜாவுக்கு மாட்டுச் சாணம் கரைத்து ஊற்றினார்கள். இரண்டாவது, பென்சன் எடுத்த ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வேர்னன் ஐயாவின் வளவு. அவர் தேயிலைச் சக்கையும் முட்டைக்கோதும் போட்டார். ரோஜாவைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். ஊற்றுவது வெறும் மழைத்தண்ணீர், பீப்பாயில் பிடித்தது. அவருக்குத் தமக்கையும் இல்லை, தமிழ் எழுதவும் வராது.

மூன்றாவது வீட்டுக்கு அவர் கல்லடிப் பக்கம் சைக்கிளைத் திருப்பியதும் நான் பாரிலிருந்து குதிக்கப் பார்த்தேன்.

“அண்ணன், அது பிலிப்பு மாஸ்டர் வீடு! நமக்கு வேலை தந்த மனிசன்!”

“வேலை தந்தவர் வீட்டில ரோஜா பூக்கக் கூடாதா?”

பிலிப்பு மாஸ்டர் பாடற்குழுவுக்குப் போய்விட்டிருந்தார். வளவில் ஒன்பது ரோஜாச் செடி. ஒவ்வொன்றிலும் கை அகலப் பூ, இரத்தச் சிவப்பு. செடிகளுக்குக் கீழே ஐந்து பூனை படுத்திருந்தன. கிணற்றடியில் மாஸ்டரின் அக்கா செபஸ்தியம்மா, கணவரை இழந்து தம்பியோடு இருப்பவர், திரளி மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார்.

“என்ன அக்கா, இந்த உவர்த் தண்ணியில இப்பிடிப் பூக்குது?” என்றார் மூர்த்தியண்ணன்.

“மாதா பீடத்துக்குப் போற பூ தம்பி, பூக்காம இரிக்குமா?” என்று சிரித்தபடி எழும்பினார். சட்டியைத் தூக்கி வந்து ஒரு செடியின் அடியில் சரித்தார். சாம்பல் நிறத் தண்ணீர், மிதக்கும் செதில், நடுவில் ஒரு குடல். பூனைகள் ஐந்தும் எழும்பி ஓடி வந்தன. நாற்றம் அடித்த அடியில் என் இடியப்பம் தொண்டை வரை வந்துவிட்டது.

“இதுதான் மருந்து. நம்மட அம்மா காலத்துப் பழக்கம். நாளுக்கு ஒரு சட்டி நான்தான் ஊத்தோணும், தம்பி வேற ஒண்டும் ஊத்த விடமாட்டான். பேருக்குத்தான் நான் மூத்தவ, வீட்டுக்கு மனேஜர் அவன்தான்.”

நான் முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கினேன். மீன்கழுவியநீர். எட்டுக் கட்டம். இரண்டாவதில் ன், கடைசியில் ர்.

மலை நாட்டு ஷீராஸில், கடலைக் காணாத தோட்டத்தில், ஒரு தமக்கை மீன் கழுவிய தண்ணீரைச் சுமந்து வந்து ரோஜாவுக்கு ஊற்றினாளாம்! கல்லடிக்காரனைத் தவிர வேறு எந்த மடையனுக்கு இப்படித் தோன்றும்?

ஒழுங்கைக்கு வந்ததும் மூர்த்தியண்ணன் ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ எழுதி மடித்தார். நான் வேலியோரம் காறித் துப்பினேன். இந்த மனிதனின் பாட்டுக்கு நான் ஒவ்வொரு ஞாயிறும் முழங்காலில் நின்றிருக்கிறேன்.

*

நாலு மணிக்கு மனேஜர் சுவாமி மேசைக்குப் பின்னால் இருந்தார். ஒரு பக்கம் சரீப் மாஸ்டர், மறு பக்கம், தூரமாக, எடித் மிஸ். அவர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். ஜெயராஜா உறையையும் கட்டையும் மேசையில் வைத்தார். பிலிப்பு மாஸ்டர் எழும்பி, எங்களைப் பெருமையாக அறிமுகம் செய்தார்.

“துப்பறிஞ்சு முடிச்சிட்டீங்களா மூர்த்தியர்?”

“முடிஞ்சுது மாஸ்டர். இந்தப் போட்டிக்கு நீங்க விடை அனுப்பினீங்களா?”

“சீச்சீ! இந்த அசிங்கத்த நான் கையால தொடுவனா?”

மூர்த்தியண்ணன் மடித்த துண்டைச் சுவாமியின் கையில் கொடுத்தார். “சுவாமி, ஏழாம் குறிப்புக்கு நாப்பத்தொரு பேரும் பிழையா எழுதியிரிக்காங்க. இதில என்ர விடை. முதல்ல இத வாசிங்க. மறுகா உறைய உடைங்க.”

சுவாமி வாசித்தார். புருவம் உயர்ந்தது. “மீன்கழுவியநீர்? இதென்ன மூர்த்தி, பாரசீகத்திலயா?”

“உடைங்க சுவாமி.”

அரக்கு உடைந்தது. சுவாமி விடைத்தாளில் ஏழாம் இலக்கத்தைத் தேடினார். அதே எட்டு எழுத்து. பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“ஊரில ரோஜா மூண்டு வளவில பூக்குது. மீன் கழுவின தண்ணி ஒரு வளவிலதான். தமக்கை ஊத்துறதும் அந்த ஒரு வளவிலதான். மத்தியானம் கண்ணால கண்டன், பேர்னாட் மூக்கால கண்டான். அதுக்கு மேல, முப்பத்தோராம் நாள் பூத் தூவுறவர் சரீப் மாஸ்டர் இல்ல.” மூர்த்தியண்ணன் திரும்பினார். “காத்தான்குடி முத்திரையும் பாரசீகமும் போதும், நாங்க கண்ண மூடிக்கொண்டு சரீப் எண்டு எழுதித் தருவம் எண்டு நினைச்சிட்டீங்க, என்ன பிலிப்பு மாஸ்டர்?”

பிலிப்பு மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வாயில் நிற்கவில்லை. அப்போதுதான் எடித் மிஸ் தலையை நிமிர்த்தினார்.

“ரெண்டு வருஷத்துக்கு முந்தி பிலிப்பு மாஸ்டர் என்னைக் கலியாணம் கேட்டார், ஃபாதர். நான் மாட்டன் எண்டன். அவ்வளவுதான் நடந்தது.”

“நான் ஆரின்ரயாவது பெயர் போட்டனா?” பிலிப்பு மாஸ்டரின் குரல் கிறீச்சிட்டது. “சொல்லுங்க சுவாமி! நான் கட்டம் மட்டும்தான் கீறினன். சரீப் எண்டும் எடித் எண்டும் நிரப்பினது ஊர்! நாப்பத்தொரு பேர்! அவங்களயும் கூப்பிட்டு விசாரிங்களன்!”

த்தூ என்று துப்ப வாயெடுத்தேன். எச்சில் வரவில்லை.

“அலுமாரிச் சாவியளை வைச்சிட்டுப் போங்க,” என்றார் சுவாமி.

*

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். சரீப் மாஸ்டர் எழும்பவில்லை. “அந்தக் கட்ட ஒருக்காப் பாக்கலாமா?” என்று ஜெயராஜாவிடம் கேட்டார்.

ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பெயரை வாசித்தார். வகுப்பில் வரவு கூப்பிடுகிற அதே குரல். சலூன்காரன். பஸ் கொண்டக்டர். அவரிடம் படித்துக் கிளாக்கரானவன். “பக்கீர்” என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். “என்ர மச்சினன்,” என்றார். மற்றவற்றையும் வாசித்து முடித்து ஓரங்களைத் தட்டி அடுக்கினார்.

“நாப்பத்தொண்டு எண்டீங்க. நாப்பதுதான் இரிக்கு.”

“காலையில நான் எண்ணினனே!” என்றார் ஜெயராஜா.

“பரவாயில்ல. ஆனா அந்த ஒராள் ஆர் எண்டு தெரியாட்டி, திங்கக்கிழமையில இருந்து எதிரில வாற எல்லாரையும் நான் அந்த ஆளோ எண்டு பாக்கப் போறன். நல்லவனையும் அப்பிடித்தான் பாப்பன். அதுதான் கஷ்டம்.”

வெளியே வந்தோம். மாஸ்டர் வாகை மரத்தடியில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார், தனியாக. எடித் மிஸ் அந்தப் பக்கமே வரவில்லை. குற்றமில்லை என்று தீர்ந்த பிறகும், வெயிலில் குடையில்லாமல் அடுத்த பஸ் தரிப்புக்கு நடந்து போனார். சீ, என்ன ஊர் இது!

கல்லடிப் பாலத்தின் நடுவில் மூர்த்தியண்ணன் சைக்கிளை நிறுத்தினார். கீழே வாவியில் யாரோ வலை வீசிக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

“காலையில கட்டில இருந்து எடுத்தன். விலாசம் படிச்ச கண், பேரப் பாக்க முந்தியே உன்ர கையெழுத்துத் தெரிஞ்சுது பேர்னாட்.”

என் பெயர். என் விலாசம். ஏழாவதில் அன்புக்கண்ணீர். அடியில், ஆசிரியருக்குக் குறிப்பு எழுதும் இடத்தில், என் அருமையான பகிடி: ‘கவிஞருக்கும் ரோஜாவுக்கும் நிக்காஹ்வா, பூசையா? பரிசு கிடைத்தால் கலியாணத்துக்குக் கொடுப்பேன்.’ பரிசு ஒரு சுவர்க்கடிகாரம். எழுதியபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்து வீட்டுக்கும் வாசித்துக் காட்டினேன்.

“சும்மா ஒரு முஸ்பாத்திக்கு அண்ணன்...” என்றேன். பிலிப்பு மாஸ்டரின் குரல் என் வாயிலிருந்து வந்தது.

“வாவி கீழதான் இரிக்கு,” என்றார் அவர். “கிழிச்சுப் போட்டாலும் நான் ஒண்டும் கேக்க மாட்டன்.”

நான் துண்டைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் கம்பியோரம் நின்றேன். பிறகு சைக்கிளில் ஏறாமல் வந்த வழியே நடந்தேன். கொஞ்சத் தூரம் போனதும் ஓடினேன். இந்த உடம்போடு ஓடுவது சுலபமில்லை.

பஸ் இன்னும் வரவில்லை. மாஸ்டர் மரத்தடியில் நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “வாங்க தம்பி, நீங்க செஞ்ச உதவிய...” என்று தொடங்கினார். நான் துண்டை நீட்டினேன்.

வாங்கிப் பெயரைப் பார்த்தார். அடியில் இருந்த பகிடியை முழுக்க வாசித்தார். முகத்தில் மலர்ந்தது வாடி விழுந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்; தலையைக் குனிய எனக்கு உரிமை இருக்கவில்லை. துண்டை நாலாக மடித்துத் தன் பையில் வைத்தார்.

“நாப்பத்தொண்டு,” என்றார்.

பஸ் வந்தது. ஏறிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.